தோழி வீட்டில் தங்கி எடுத்த கல்யாணச் சேலைகள்: மிச்சம் எவ்வளவு, யாருடையது?

ஆடி மாதம் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். "மெட்ராசுல போய் எடுத்தா பாதி வெலதான்." கல்யாணமோ காதுகுத்தோ தீபாவளியோ, எதுவாக இருந்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். "தங்குறதுக்குத்தான் ஆள் இருக்கே, அப்புறம் என்ன?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது. சென்னையில் எது மலிவு, எது மலிவில்லை என்பதையும் சொல்கிறேன். ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு அக்காவின் திருமணத்துக்குத் துணி எடுக்க அம்மாவும் நானும் சென்னைக்குப் போனோம். கையில் கூட்டுப் பணம் இருந்தது. மேற்கு மாம்பலத்தில் என் தோழியின் வீடும் இருந்தது. 2023 ஜூலையில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த 11ஆம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் அறிமுகமானவள் அவள். மாநாடு முடிந்து நான்கு நாள் கிள்ளானில் எங்கள் வீட்டில் தங்கினாள். போகும்போது, "மெட்ராஸ் வந்தா எங்க வீடுதான், வேற எங்கயாவது ரூம் போட்டீங்கன்னா பேசவே மாட்டேன்" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். அம்மா சத்தியத்தைக் காப்பாற்றினார். ஆறு இரவு.

கோலாலம்பூரிலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம். சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. மின்சார ரயிலில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கலாம். கட்டணம் ஒரு டீ விலைதான். போகும்போது பெட்டி காலியாக இருக்கும் என்பதால் இதைத் தாராளமாகச் செய்யலாம். திரும்பும்போது நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மாம்பலம் நிலையத்தின் ஒரு பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு. மறு பக்கம் இறங்கினால் தோழியின் வீடு இருக்கும் மேற்கு மாம்பலம். தியாகராய நகரில் கடை, நடந்து போகும் தூரத்தில் வீடு. இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

முதல் இரவு

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை. சாப்பிட்டு முடித்ததும் தோழியின் அப்பா எங்கள் கடப்பிதழ்களைக் கேட்டு வாங்கினார். கைப்பேசியில் படம் எடுத்தார், விசாவைப் படம் எடுத்தார், எங்களை வெள்ளைச் சுவரின் முன்னால் நிற்க வைத்து முகத்தையும் எடுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ இணையத்தளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். படம் பெரிதாக இருக்கிறது என்று அது திருப்பித் திருப்பித் தள்ளியது. அவர் படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

இந்தியச் சட்டப்படி, வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கு இணையம் வழி தெரிவிக்க வேண்டும். தங்கும் விடுதியில் இதை வரவேற்பறையில் இருப்பவர்களே செய்துவிடுவார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தனி வீட்டுக்கும் இது பொருந்தும். 'ஃபார்ம் சி' என்ற பெயரில் அங்குள்ளவர்களுக்குப் பழக்கமான படிவம் இது. நம்மவர்களில் பலர் உறவினர் வீட்டில் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வருகிறார்கள். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாம் வெளிநாட்டவர் என்ற நினைப்பே நமக்கு வராததுதான் காரணம். தமிழ் பேசும் ஊருக்குத் தமிழர் போகிறோம், அவ்வளவுதான் நம் கணக்கு. சட்டத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. சொல்லாமல் விட்டால் சிக்கல் வீட்டுக்காரருக்கு. அவர்கள் வாடகைக்கு இருப்பவர்களாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே, போகும் முன்பே கடப்பிதழ், விசா, படம் மூன்றையும் தெளிவான சிறிய கோப்புகளாகப் புலனத்தில் அனுப்பிவிடுங்கள். ஒரு பெரியவரின் தூக்கம் மிச்சமாகும்.

நிலையான விலை, நிலையில்லாத விலை

இனி கடைத்தெரு. சென்னை என்றாலே பேரம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதிதான் சரி.

தியாகராய நகரின் பல மாடித் துணிக்கடைகளில் பேரம் கிடையாது. வாசலில் பையைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். மாடி மாடியாக ஏறி எடுத்த துணிக்குச் சீட்டுப் போடுவார்கள், கல்லாவில் பணம் கட்ட வேண்டும், பிறகு கீழே டெலிவரி பகுதியில் போய்ப் பொட்டலத்தை வாங்க வேண்டும். விலை துணியிலேயே ஒட்டியிருக்கும். அங்கே போய் "கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே" என்று அம்மா சொன்னபோது விற்பனைப் பெண் சிரித்துவிட்டார். "ஆடித் தள்ளுபடி போட்டுத்தாம்மா இருக்கு" என்றார். ஆடி என்பது ஏறக்குறைய ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. முகூர்த்தம் இல்லாத மாதம், விற்பனை குறையும் என்பதால் தொடங்கிய வழக்கம். இப்போது அதுவே விற்பனை கூடும் மாதமாகிவிட்டது. பழைய இருப்பைத் தள்ளிவிடுவதும் அப்போதுதான். தள்ளுபடிப் பலகையை நம்பாமல் துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள். மடிப்பில் நிறம் மங்கியிருந்தால் அது ஓராண்டுக்கு மேல் அலமாரியில் இருந்த சேலை.

பேரம் நடப்பது தெருவில். ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் நடைபாதை, பாரிமுனைப் பக்கத்துச் சந்துகள். அங்கே எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. வாயைத் திறந்தால் விலை ஏறியது.

நான் தமிழ் படித்தவள், பேச்சில் ஊர் தெரியாது என்று நினைத்திருந்தேன். வளையல் கடைக்காரர், "மலேசியாவா, சிங்கப்பூராக்கா?" என்று முதல் நிமிடத்திலேயே கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "இது எத்தன வெள்ளி வருது?" என்று கேட்டதுதான் காட்டிக்கொடுத்தது. இன்னொரு கடையில், காலையில் கடை திறக்கும்போதே போய், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று அன்பாக விசாரித்தார். அந்தத் தம்பி ஜிமிக்கி விலையை 150 ரூபாயிலிருந்து 280 ஆக்கினார். அதற்குப் பிறகு தோழி எங்களுக்கு ஒரு விதி போட்டாள். "ஆன்ட்டி, நீங்க பொருளத் தொட்டுப் பாருங்க, கண்ண மட்டும் காட்டுங்க. வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கறேன்."

அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள். வெளிநாட்டில் நண்பர் வீட்டில் தங்குவதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் படுக்கை இல்லை, இந்த நாக்குதான். ஆனால் அந்தத் தெருவில் அவள் தினமும் நடப்பவள். நாம் ஊருக்குப் போய்விடுவோம். மறுவாரம் அதே பூக்காரம்மாவிடம் அவள்தான் பூ வாங்க வேண்டும். மல்லிகை முழத்துக்கு முப்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நான் அவளை முழங்கையால் இடித்தேன். இருபது ரூபாய்க்கு ஒரு ரிங்கிட் என்று எளிதாக வைத்துக்கொண்டால், அது ஒன்றரை ரிங்கிட். நம் ஊரில் ஒரு தே தாரிக்கூட அந்தக் காசுக்கு வராது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்தும் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எது வாங்கலாம், எதை விடலாம்

உள்ளபடி சொன்னால், எல்லாமே மலிவில்லை.

மலிவானவை: உறவினர்களுக்குச் சீராகக் கொடுக்கும் நடுத்தர விலைச் சேலைகள், வேட்டிகள், ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைத் தையல், கவரிங் நகைகள், தாம்பூலப் பைகள், அழைப்பிதழ் அட்டை. கடைசி இரண்டுக்கும் தியாகராய நகர் வேண்டாம். ஜார்ஜ் டவுன் பக்கம் போக வேண்டும். ஆண்டர்சன் தெருவில் அட்டைகள், கோடவுன் தெருவில் மொத்த விலைத் துணி, சௌகார்பேட்டையில் கவரிங். மொத்தக் கடைகளில் டசன் கணக்கில்தான் தருவார்கள், ஒன்றிரண்டு கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அதே ஞாயிறு தியாகராய நகரில் காலை வைக்க இடமிருக்காது. இது தெரியாமல் ஞாயிறு பாரிமுனைக்குப் போய்ப் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆட்டோக் காசு தோழியுடையது.

தையலுக்கு ஒரு எச்சரிக்கை. "நாளைக்குத் தந்துடறேன்" என்ற சொல்லைக் கேட்டுப் பயணச்சீட்டைக் கணக்கிடாதீர்கள். இறங்கிய முதல் நாளே அளவு கொடுத்துவிட வேண்டும். நாங்கள் மூன்றாம் நாள் கொடுத்தோம். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டுச்சேலை தனி விவகாரம். காஞ்சிபுரம் சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ஒரு நாளில் போய் வரலாம். ஆனால் காஞ்சிபுரத்தில் விற்பதெல்லாம் காஞ்சிபுரப் பட்டு என்று நம்பிவிடக் கூடாது. சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பட்டு சுத்தமானது என்பதற்கு மட்டும்தான் சான்று, சரிகைக்கு இல்லை. அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். கடையில் யாரும் சுரண்ட விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆகவே, சரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடங்கள். பேரம், அலைச்சல் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது.

தங்கத்தை விட்டுவிடுங்கள். "இந்தியாவுல செஞ்சா வேலப்பாடு நல்லா இருக்கும்" என்பது உண்மைதான், ஆனால் மலிவு என்பது கற்பனை. இந்தியாவே தங்கத்தை இறக்குமதி செய்யும் நாடு. இறக்குமதி வரி விலையிலேயே ஏறியிருக்கும், அதற்கு மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி, பிறகு செய்கூலி, சேதாரம். சிங்கப்பூரில் சுற்றுப்பயணிகள் 100 வெள்ளிக்கு மேல் பொருள் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறும் வசதி உண்டு. அதை நினைத்துக்கொண்டு சென்னை நகைக்கடையில் கேட்டால் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். இருந்தும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 916 முத்திரையோடு ஆறு எழுத்து, எண் கொண்ட ஹெச்யூஐடி குறியீடு நகையில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் அங்கே ஹால்மார்க் நகை விற்க முடியாது.

எவர்சில்வர் பாத்திரமும் அப்படித்தான். விலை குறைவு, எடை அதிகம். பெட்டி எடையில் அந்த மலிவு கரைந்துவிடும். கறிவேப்பிலைக் கன்று வேண்டவே வேண்டாம். அனுமதி இல்லாமல் செடி, விதை, மண் எதையும் நாட்டுக்குள் கொண்டு வர முடியாது. அம்மாவுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. "நம்ம லயத்துல முன்ன வெச்ச மரமெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நம் சுங்கத்துறையையும் மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் புதிய பொருள்களுக்கு வரி விலக்கு வரம்புக்கு உட்பட்டதுதான், அதுவும் குறைந்தது 72 மணி நேரம் வெளியில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு. வரம்புத் தொகையைப் புறப்படும் முன் சுங்கத்துறையின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான இருபது சேலைகள் பெட்டியில் இருந்தால் "சொந்தப் பயனுக்கு" என்று சொல்வது கடினம். ரசீதுகளைத் தனி உறையில் கையில் வைத்திருப்பது நல்லது.

கைப்பேசியில் போன காசு

இனி நான் தவறு செய்த இடத்துக்கு வருகிறேன்.

சென்னையில் இப்போது பூக்கடை, இளநீர் வண்டி, ஆட்டோ எல்லாவற்றிலும் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. யூபிஐ வழியாகப் பணம் போகிறது. இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நம் கைப்பேசிச் செயலியால் அந்த அட்டையை வருடிப் பணம் செலுத்த முடியவில்லை. பெரிய கடைகளில் நம் வங்கி அட்டை எடுபடும். தெருக் கடையில் ரொக்கம் கொடுத்தால், "சில்லற இல்லையே" என்பார்கள். பிறகு என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்கும் நண்பர் தன் கைப்பேசியை நீட்டுவார். "நீ அப்புறம் குடு, பரவால்ல."

'அப்புறம்' ஆபத்தான சொல். ஆறு நாளில் தோழியின் கைப்பேசி வழியாகப் பதினொரு முறை பணம் போனது, மொத்தம் 23,400 ரூபாய். அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். தோட்டத்தில் பால் எடை எழுதிப் பழகியவர், கணக்கில் கெட்டி. புறப்படும் அன்று நான் பணத்தை எண்ணித் தோழியிடம் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டார்கள். இருவருக்கும் சேர்த்து 60 கிலோ அனுமதி, தராசு காட்டியது 71. கூடுதல் எடைக்கு அந்த இடத்தில் கேட்கும் கட்டணம், முன்கூட்டியே இணையத்தில் வாங்குவதைவிடப் பல மடங்கு. ஐந்து கிலோவுக்குக் கட்டினோம். மீதி ஆறு கிலோவை, தைத்து முடியாமல் விட்டு வந்த ரவிக்கைகளோடு சேர்த்து அனுப்பச் சொல்லி, வழியனுப்ப வந்தவளிடமே கொடுத்துவிட்டோம். பத்து நாளில் பெட்டி கிள்ளானுக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 4,320 ரூபாய் என்று இருந்தது. எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். "அத விடு பா, கல்யாணத்தப் பாரு" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. படங்கள் அனுப்பினேன். "அழகு" என்று ஒரு சொல் வந்தது. பிறகு தீபாவளி வாழ்த்துக்கு ஒரு கைகூப்பும் படம். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, கூட்டுப் பணத்தை முடிப்பதற்காக அக்காவும் நானும் கல்யாணக் கணக்கை எடுத்து வைத்தோம். ஒரு பக்கம் நாங்கள் சென்னையில் வாங்கியது 1,46,000 ரூபாய்க்கு, அதாவது 7,300 ரிங்கிட். அதே பொருள்களை கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் எடுத்திருந்தால் சுமார் 11,000 ஆகியிருக்கும் என்று, முன்பு விசாரித்து வைத்திருந்த விலைகளைக் கொண்டு அக்கா போட்டாள். மிச்சம் 3,700. அதில் விமானச் சீட்டு இருவருக்கும் பெட்டிக் கட்டணத்தோடு 2,100. கூடுதல் எடை 320. போக்குவரத்து, வெளிச் சாப்பாடு 400. கழித்தால் 880 ரிங்கிட்.

அக்கா மகிழ்ந்தாள். எனக்குத்தான் ஒரு எண் இடித்தது. ஆறு இரவு சாதாரண விடுதியில் தங்கியிருந்தால் இரவுக்கு 3,500 ரூபாய் என்றாலும் 1,050 ரிங்கிட் ஆகியிருக்கும். அதாவது 170 ரிங்கிட் நட்டம். பல மாடிக் கடைகளும் ஆடித் தள்ளுபடியும் எங்களுக்கு ஒரு காசும் மிச்சம் பிடித்துத் தரவில்லை. அந்த 880 முழுவதும் மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறை வீட்டின் கூடத்தில், அவளுடைய அப்பாவும் தம்பியும் பாய் விரித்துப் படுத்த இடத்திலிருந்து வந்திருக்கிறது. எங்களுக்குக் கொடுத்தது ஏசி உள்ள அறை.

அந்த ஏசிக்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் மின்கட்டணக் கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் முன்னால் உள்ளதற்கும் சேர்த்து ஏறும். அதனால் அங்கே நடுத்தரக் குடும்பங்கள் 500ஐத் தாண்டாமல் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்கள். நாங்கள் விடிய விடிய ஓட்டினோம். குடிப்பதற்கு வரும் கேன் தண்ணீரும் எங்களால் இரண்டு மடங்கு வேகத்தில் தீர்ந்தது. தோழி எங்களோடு அலைவதற்காக எடுத்த மூன்று நாள் விடுப்பு சம்பளம் இல்லாத விடுப்பு என்பது பிறகு தெரிந்தது.

பிறகு அம்மாவின் நோட்டைப் புரட்டினேன். பதினொரு வரியில் எட்டு வரிக்கு எதிரே மட்டும் கோடு போட்டிருந்தது. கடைசி நாள் வாங்கிய மூன்று, அடுத்த பக்கத்தில் இருந்தன. நான் பக்கத்தைத் திருப்பாமலே பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். குறைந்தது 6,150 ரூபாய். அஞ்சல் கட்டணத்தோடு 10,470.

அன்றிரவே அவளைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருந்தாள். பிறகு, "கேக்கலாமா வேணாமான்னு அம்மாவும் நானும் தெனம் பேசிக்குவோம் பா. கேட்டா அசிங்கம், கேக்காமலும் இருக்க முடியல. கடைசில போன எடுக்கவே கஷ்டமாயிடுச்சு" என்றாள்.

பணத்தை மறுநாளே அனுப்பினேன். விடுப்பு எடுத்த நாள்களின் சம்பளத்தை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் என்பதால்தான் விருந்தினர். நான்காம் நாள் காலையில் யாரும் புதியவராக இருப்பதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிமார் சொன்னது கஞ்சத்தனத்தால் இல்லை. அவர்களும் சிறிய வீட்டில் பெரிய விருந்தை நடத்திப் பார்த்தவர்கள்.

ஆகவே மூன்று இரவு நண்பர் வீடு, மீதி அருகில் ஒரு விடுதி என்று பிரித்துக்கொள்ளலாம். "சத்தியம் செஞ்சிட்டோமே" என்று அம்மா மாதிரி யோசிப்பவர்கள், வேலை நாளில் நண்பரை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்களே கடைக்குப் போகலாம். நிலையான விலைக் கடைக்கு அவருடைய நாக்கு தேவையில்லை. தெருப் பேரத்துக்கு ஒரு மாலை போதும். போன முதல் நாளே ஒரு தொகையை நண்பரிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அவர் கைப்பேசியில் செலவாவதை அதிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய சங்கடம் அவருக்கு வராது, மீதியைத் திருப்பித் தர வேண்டிய நிலைக்கு அவர் வருவார்; அது எவ்வளவோ மேல். மின்கட்டணம், அரிசி, பால் இவற்றுக்குப் பணமாக நீட்டினால் வாங்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு வேண்டிய ஏதாவது ஒரு பொருளை, அவர்களுக்குத் தெரியாமல் கவனித்து, வாங்கி வைத்துவிட்டு வரலாம்.

தெரிந்தவர்கள் தரும் பட்டியலுக்கும் ஒரு வரம்பு போடுங்கள். எங்களிடம் ஒன்பது வீட்டுக்காரர்கள் "எனக்கு ஒரே ஒரு சேலதான்" என்றார்கள். அந்த ஒன்பது சேலைதான் எடையைத் தூக்கியது.

இவ்வளவுக்கும் பிறகு நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கிள்ளானில் அக்காவுக்குக் கிடைக்காத ஒரு அரக்கு நிறம் அங்கே கிடைத்தது. ஆனால் பத்துச் சேலைக்குக் குறைவாக எடுப்பவர்கள் தெங்கு கிளானாவிலேயே எடுப்பது கணக்குக்கு நல்லது என்பது என் கருத்து. அங்கேயும் பேரம் பேசலாம், "வெள்ளி" என்று தாராளமாகச் சொல்லலாம், தைத்தது சரியில்லை என்றால் மறுநாள் போய்ச் சண்டை போடலாம்.

அடுத்த மாதம் தோழி தன் அம்மாவோடு இங்கே வருகிறாள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் நம் நாட்டுக்கு வர விசா தேவையில்லை என்பதால் அவர்களுக்கு எளிது. ஐந்து நாள். எங்கள் வீட்டில்தான். நேற்று அவள் அம்மாவின் பட்டியல் புலனத்தில் வந்தது: கோடாலித் தைலம் இரண்டு டசன், மைலோ நான்கு பொட்டலம், சாக்லேட் "மலிவா எங்க கெடைக்குமோ அங்க", அக்கம்பக்கத்து வீட்டாருக்கு ஆளுக்கொரு குடை. பட்டியலின் அடியில் ஒரு வரி: "முன்பணம் எவ்வளவு குடுக்கணும்னு சொல்லு கண்ணு."

அம்மா புது நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார். இந்த முறை ஒரே பக்கத்தில் எழுதப்போவதாகச் சொல்கிறார்.